செகண்ட் ஐடியில் இறங்கி அடிப்பது: என்ன தப்பு என்று கேட்பவர்களுக்கு

கேள்வி, 8 நவம்பர் 2025 (பெங்களூர் கோரமங்கலாவிலிருந்து ஒரு வாசகர்)

"வேலோரன்ட்டில் நான் இம்மார்ட்டல். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி இரண்டு கேம் ஆடுவேன். மெயின் ஐடியில் போனால் ஒவ்வொரு ரவுண்டும் பரீட்சை மாதிரி இருக்கிறது. அதனால் சில்வர் ரேங்கில் ஒரு செகண்ட் ஐடி வைத்திருக்கிறேன். ஹேக் கிடையாது, எய்ம்பாட் கிடையாது, எல்லாம் என் கையால் அடிப்பது. இதைப் போய் ஏமாற்று வேலை என்கிறார்கள். விளையாட்டு என்றால் ஒருத்தர் ஜெயிப்பார், ஒருத்தர் தோற்பார். இதில் என்ன தப்பு?"

8 நவம்பர், இரவு

தப்புதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். (ஆடாதவர்களுக்கு: வேலோரன்ட் என்பது ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம். ரேங்க் கீழிருந்து மேலே: அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், அசென்டன்ட், இம்மார்ட்டல், ரேடியன்ட்.)

ஹேக் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சில்வர் லாபியில் காத்திருக்கும் பையன் ரேங்க் மேட்ச் பட்டனை அழுத்தும்போது ஒன்றை நம்பித்தான் அழுத்துகிறான்: தன்னளவு ஆடத் தெரிந்தவர்களோடுதான் தன்னைக் கோப்பார்கள் என்று. நீங்கள் நுழைந்த உடனே அது பொய்யாகிவிடுகிறது. பொய் என்பது அந்தப் பத்துப் பேரில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எதிர் டீமில் ஐந்து பேர், உங்கள் டீமில் மீதி நான்கு பேர். ஒன்பது பேருடைய அரை மணி, முக்கால் மணி நேரம் உங்கள் இளைப்பாறலுக்குப் போகிறது.

9 நவம்பர், காலை

"ஜெயிப்பதும் தோற்பதும் சகஜம்" என்ற வாதத்துக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன்.

ரேட்டிங் என்ற ஏற்பாடு வந்ததே தோல்விக்கு ஒரு அளவு வேண்டும் என்றுதான். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ போட்ட கணக்கை அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960இலும் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் எடுத்துக்கொண்டன. இன்று கம்ப்யூட்டர் கேம்களில் இருக்கும் பெரும்பாலான ரேங்க் முறைகளுக்கு அதுதான் தாத்தா. இருவருக்கும் ஒரே புள்ளி என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமானவர் நூற்றுக்கு 76 எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. 400 என்றால் 91.

இப்போது 1200 புள்ளிக்காரர் ஒருவர் 1800 ஆடுகிற ஒருவரிடம் தோற்கிறார் என்று வையுங்கள். எதிராளி 1800 என்று வெளிப்படையாகத் தெரிந்திருந்தால், கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் மாறக்கூடிய புள்ளி) 20 என்று வைத்துக்கொண்டாலும் அவருக்கு ஒரு புள்ளிகூடக் குறையாது. "நீ தோற்பாய் என்று முன்பே தெரியும், வருத்தப்படாதே" என்று கணக்கே சொல்லிவிடுகிறது. அதே ஆள் 1200 என்ற பலகையை மாட்டிக்கொண்டு வந்தால் 10 புள்ளி போகும். அந்தப் பத்துப் புள்ளி பெரிதில்லை, நாளைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். "என்னைப் போன்ற ஒருவரிடமே நான் இப்படித் தோற்கிறேனே" என்று அவர் தன்னைப் பற்றி எடுக்கும் முடிவு இருக்கிறதே, அதுதான் பெரிது. அந்த முடிவு பொய்த் தகவலின் மேல் எடுக்கப்பட்டது.

10 நவம்பர்

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: புது ஐடியில் நான்கு கேம் ஜெயித்தால் சிஸ்டமே மேலே தூக்கிவிடும், அப்புறம் என்ன பிரச்சினை என்று.

பாதி சரி. ஈலோவுக்குப் பிறகு மார்க் கிளிக்மன் 1995இல் கொண்டுவந்த கிளிக்கோ முறையில் ஒவ்வொரு ஆளுக்கும் ரேட்டிங்கோடு இன்னொரு எண்ணும் உண்டு. அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எண் அது. நேற்று ஆரம்பித்த ஐடிக்கு அது பெரிதாக இருக்கும். அப்படிப்பட்டவரிடம் தோற்றால் உங்கள் புள்ளி அதிகம் இறங்காது. அவர் மட்டும் வேகமாக மேலே போவார். லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் ஆடுபவர்கள் ரேட்டிங்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி பார்த்திருப்பீர்கள், அது இதுதான். வேலோரன்ட்டிலும் புது அக்கவுன்ட் அளவுக்கு மீறி நன்றாக ஆடினால் அதன் எம்எம்ஆரை (ஆளைக் கோக்கப் பயன்படும் மறைவான பல எண்ணை) வேகமாக மேலே தள்ளும் ஏற்பாடு இருப்பதாக அந்த கேமை நடத்தும் ரயட் நிறுவனமே எழுதியிருக்கிறது.

ஆனால் நம் கோரமங்கலாக்காரர் வைத்திருப்பது புது ஐடி கிடையாது. அவர் சில்வரிலேயே "இருக்கிறார்". இம்மார்ட்டல் ஆள் சில்வரில் தங்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்: நடுநடுவே வேண்டுமென்றே தோற்க வேண்டும். அதாவது அடித்து நொறுக்கும் நாளில் எதிர் டீமுக்கு நாசம், தோற்றுக் கொடுக்கும் நாளில் சொந்த டீமுக்கு நாசம். எந்த நாளும் யாரோ ஒருவர் தலையில்.

10 நவம்பர், சற்று நேரம் கழித்து

அவருடைய டீமில் விழும் நான்கு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சும்மா கிடைத்த வெற்றியில் அவர்கள் கோல்டுக்குப் போய், அங்கே ஒரு வாரம் அடிவாங்கித் திரும்பி வருவார்கள். ஏன் என்றே அவர்களுக்குத் தெரியாது.

13 நவம்பர்

என் சித்தி பையன் ஈஜிபுராவில் ஒரு கேமிங் கஃபேயில் ஆடுவான். பத்தாவது படிக்கிறான். வீட்டில் இருப்பது பழைய லேப்டாப், அதில் வேலோரன்ட் திணறும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆட்டம். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். போன ஞாயிறு பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு வெறும் புள்ளிக் கணக்காகத்தான் தெரியும்.

அவன் ரேங்க் பிரான்ஸ். இரண்டு மாதமாக அவனுக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: கிராஸ்ஹேரை (திரையில் துப்பாக்கி குறி பார்க்கும் புள்ளியை) தரையில் இழுத்துக்கொண்டு நடக்காதே, எதிராளியின் தலை எந்த உயரத்தில் வருமோ அங்கே வைத்துக்கொண்டு நட. அன்றைக்கு முதல்முறையாக அதைச் சரியாகச் செய்தான். அசென்ட் என்ற மேப், அதன் நடுப்பகுதியான மிட்டைப் பார்த்து நின்றான், கிராஸ்ஹேர் சரியான உயரத்தில், கை அசையவில்லை. எதிர் டீமின் ஜெட் (கேமில் வரும் ஒரு பெண் கேரக்டர்) தோளை மட்டும் ஒரு நொடி காட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். இவன் சுட்டான், சுவரில் பட்டது. அடுத்த நொடி அவள் வெளியே வந்து ஒரே தோட்டா, தலையில். அடுத்த ரவுண்டும் அதே. அதற்கடுத்த ரவுண்டு இவன் இடத்தை மாற்றினான், அங்கேயும் வந்து அடித்தாள். நாலாவது ரவுண்டிலிருந்து மிட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டான். கிராஸ்ஹேர் மறுபடி தரைக்குப் போயிற்று.

மேட்ச் முடிந்ததும் ஸ்கோர்போர்டைப் பார்த்தோம். அந்த ஜெட் 34 கில். அக்கவுன்ட் லெவல் 20ஐத் தாண்டி ஒன்றிரண்டுதான். ரேங்க் மேட்ச் ஆட லெவல் 20 வேண்டும், அதைத் தொட்டவுடன் இங்கே வந்திருக்கிறார்.

பையன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டான்: "அண்ணா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒன்றும் பண்ணவில்லை. அவன் நிலைக்கு அன்று அவன் ஆடியது அவனுடைய நல்ல ஆட்டம். ஆனால் மேட்ச் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நேர்மாறு: மிட்டைப் பார்க்காதே, தைரியமாக நிற்காதே, பெட்டிக்குப் பின்னால் ஒளி. பிரான்ஸில் இருக்கும் இன்னொரு பையன் அந்த ஜெட்டாக இருந்திருந்தால் பாதி சண்டையை இவன் ஜெயித்திருப்பான், புதிதாகக் கற்றது கையில் நின்றிருக்கும். அதைத்தான் பறித்தார்கள். ரேங்க் புள்ளி போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

14 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "அந்தப் பையன் விஷயம் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அதைத் தடுக்க வேண்டியது கேம் கம்பெனி, நான் இல்லை" என்கிறார்.

கம்பெனியும்தான். டோட்டா 2 என்ற கேமில், அதை நடத்தும் வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுன்ட்டுகளைத் தடை செய்தது. (இப்படிப் பலத்தை மறைத்து ஆடும் செகண்ட் ஐடிக்கும் அதை ஆடுபவருக்கும் ஸ்மர்ஃப் என்று பெயர்.) அதைவிட முக்கியமான விஷயம், அந்த ஐடிகளுக்குப் பின்னால் இருந்த மெயின் அக்கவுன்ட் எது என்று கண்டுபிடித்து, இனிமேல் மெயினுக்கும் தண்டனை வரலாம் என்று சொன்னது. செகண்ட் ஐடி போனால் போகட்டும், இன்னொன்று ஆரம்பிக்கலாம் என்ற அலட்சியம் அங்கேதான் கொஞ்சம் அடிவாங்கியது. எல்லாக் கம்பெனியும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் சார், பூட்டு சரியில்லை என்பது உள்ளே நுழைந்தவர் சொல்லும் காரணமாக இருக்க முடியாது.

16 நவம்பர்

"பலமானவனிடம் அடிவாங்கினால்தான் கற்றுக்கொள்வான், நாங்களெல்லாம் அப்படித்தான் வந்தோம்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் முப்பதைத் தாண்டியவர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்த வயதுதான், அதனால் பதில் சொல்ல உரிமை இருக்கிறது.

நான் வளர்ந்தது மர்ஃபி டவுன். சாயங்காலம் ஆனால் கேரம் போர்டுக்கு மேலே தொங்கும் ஒற்றை பல்பைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். எச்ஏஎல்லில் வேலை பார்த்த ஒரு மாமா இருந்தார், அந்த வட்டாரத்தில் அவரை ஜெயித்தவர்கள் குறைவு. சின்னப் பையன்கள் ஆட உட்கார்ந்தால், "உனக்குப் பத்து பாயின்ட் விட்டேன், ரெட்டும் நான் எடுக்க மாட்டேன்" என்று போர்டில் பவுடர் போடும்போதே சொல்லிவிடுவார். 25 பாயின்ட் கேமில் பத்து பாயின்ட் என்பது பெரிய விஷயம். அப்படியும் ஜெயிப்பார். ஆனால் 25க்கு 19 வரை வந்தோம் என்றால் அந்த 19இல் ஒன்பது நம்முடையது என்று நமக்குத் தெரியும். போன மாதம் நாலு, இந்த மாதம் ஒன்பது. வித்தியாசம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்து நடந்த ஆட்டம் அது.

கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் கோ விளையாட்டில் இது சட்டமாகவே இருக்கிறது. பலவீனமானவர் ஒன்பது கல் வரைக்கும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்; கியூ (கோவில் ஆட்டத் தரத்தின் படி) வித்தியாசத்துக்கு ஏற்ப கல். செஸ்ஸில் குதிரையை எடுத்துவிட்டு ஆடுவார்கள், நேரத்தைக் குறைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

பலமானவரோடு ஆடுவது நல்லதுதான். அவர் பலமானவர் என்று தெரிந்து ஆடினால்.

16 நவம்பர், இரவு

கேரம் பற்றி எழுதியதற்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன், விவேக் நகர் ஆட்கள் எல்லாம் தங்கள் தெரு போர்டைப் பற்றி எழுதுகிறார்கள். எழுதுங்கள், படிக்க நன்றாக இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் எடை பற்றிய சண்டையை மட்டும் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

19 நவம்பர்

அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியது இந்தப் பேச்சையே வேறு பக்கம் திருப்புகிறது. அவருக்கு இரண்டு ஐடி. மெயின் ஐடியில் வாய்ஸ் சாட்டில் பேசிய பிறகு ஒரு ஆள் ஒவ்வொரு மேட்சிலும் பின்தொடர்ந்து வந்து, இன்ஸ்டாகிராம் வரை தேடிப் பிடித்திருக்கிறான். அதனால் வேறு பெயரில் இன்னொன்று. "நானும் உங்கள் கணக்கில் குற்றவாளியா அண்ணா?" என்று கேட்கிறார்.

இல்லவே இல்லை, அம்மா. இரண்டிலும் நீங்கள் பிளாட்டினம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எதிரே வருபவருக்குக் கிடைப்பது பிளாட்டினம் ஆட்டம்தான். பெயரை மறைப்பதற்கும் பலத்தை மறைப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் தப்பு என்று சொல்வது இரண்டாவதை மட்டும்தான். எத்தனை ஐடி என்று எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை.

செஸ்ஸில் மாக்னஸ் கார்ல்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். லிச்செஸ்ஸில் டாக்டர் டிரங்கன்ஸ்டைன், டாக்டர் நிக்டர்ஸ்டைன் என்று விதவிதமான பெயர்களில் ஆடியிருக்கிறார். ஆனால் பேர்வாங்கிய ஆட்டங்கள் பட்டம் பெற்றவர்கள் மட்டும் கலந்துகொள்ளும் அரீனா என்ற ஆன்லைன் போட்டிகளில், பெயருக்கு முன்னால் கிராண்ட்மாஸ்டர் பட்டம் தெரிய. எதிரே உட்கார்ந்தவருக்கு ஆள் யார் என்று தெரியாமல் இருந்திருக்கலாம், எந்த உயரம் என்று தெரியும்.

20 நவம்பர்

"அப்படியென்றால் சிஸ்டம் முழுக்க எல்லோரும் பெயர் மறைத்து ஆடலாமா?" தாராளமாக ஆடலாம்.

23 நவம்பர்

நண்பர்கள் விஷயத்தை நான் இதுவரை தொடவே இல்லை, வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். ஏனென்றால் அதில் எனக்கே மனம் இரண்டு பக்கமும் போகிறது.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஆடுபவர்கள் எல்லா ஸ்மர்ஃபையும் ஒரே தட்டில் வைப்பதில்லை என்று வந்தது. பலவீனமானவர்களை நசுக்கவென்றே வருபவர் மேல் கோபம். ரேங்க் குறைந்த நண்பர்களோடு சேர்ந்து ஆட வருபவர் மேல் அந்த அளவுக்குக் கோபம் இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காலேஜ் நண்பன் சேலத்தில், நீங்கள் பெங்களூரில், இருவரையும் சேர்த்து வைத்திருப்பது அந்த ஒரு மணி நேர கேம்தான். அவன் பிரான்ஸ், நீங்கள் டயமண்ட். ரேங்க் மேட்சில் உங்களைச் சேர விடமாட்டார்கள். செகண்ட் ஐடி எடுக்கத்தான் தோன்றும்.

அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் நட்புக்கு எதிர் டீம் ஐந்து பேர் ஏன் செலவு செய்ய வேண்டும்? அதனால் எனக்கு நியாயமாகப் படுவது, கேம் கம்பெனிகள் இதற்கு வெளிப்படையாக ஒரு கதவு திறந்து வைப்பது. வேலோரன்ட்டில் ஐந்து பேராகச் சேர்ந்தால் எந்த ரேங்கும் எந்த ரேங்கோடும் ரேங்க் மேட்ச் போகலாம் என்று மாற்றினார்கள். ரேங்க் இடைவெளி அதிகமானால் கிடைக்கும் புள்ளி குறையும். இது நல்ல ஏற்பாடு. இரண்டு பேர் மட்டும் என்றால் ரேங்க் கணக்கில் சேராத அன்ரேட்டட் போங்கள், ஸ்விஃப்ட்பிளே போங்கள், அங்கே ரேங்க் தடை கிடையாது.

"அதில் யாரும் சீரியஸாக ஆட மாட்டார்கள்" என்று பதில் வரும் என்று தெரியும். உண்மைதான். நண்பனோடு பேசிக்கொண்டே ஆட அது போதும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

24 நவம்பர்

ஒருவர் நினைவுபடுத்தினார்: இந்தப் பழக்கம் முதன்முதலில் பெயர் வாங்கியது 1996இல், வார்கிராஃப்ட் 2 என்ற கேமின் காலத்தில். அப்போது பெயர்பெற்ற இரண்டு ஆட்டக்காரர்களைக் கண்டாலே மற்றவர்கள் கேமை விட்டு ஓடினார்களாம். ஆட ஆள் இல்லாமல் அவர்கள் வேறு பெயரில் வந்தார்கள். இன்றைக்கும் உச்சியில் இருப்பவர்களுக்கு அந்தப் பிரச்சினை உண்டு. நடுராத்திரி மும்பை சர்வரில் ரேடியன்ட் ஆள் மேட்ச் கிடைக்கக் காத்துக் கிடப்பார். அவர்கள் மேல் எனக்கு அனுதாபம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து ஒரு படி இறங்குவது, பத்துப் படி இறங்குவது கிடையாது.

27 நவம்பர்

"போன் நம்பரைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு.

டோட்டா 2 ரேங்க் மேட்சுக்கு 2017இலிருந்தே போன் நம்பர் கேட்கிறது. ஓவர்வாட்ச் 2 என்ற கேம் 2022 அக்டோபரில் வந்தபோது எல்லோரிடமும் கேட்டது. பிரீபெய்டு நம்பர் செல்லாது என்றதும் பெரிய எதிர்ப்பு வந்து, பழைய ஆட்டக்காரர்களுக்குத் தளர்த்தினார்கள். பிரீபெய்டு செல்லாது என்றால் நம் ஊரில் யார் ஆடுவது?

இந்தியாவில் ஒரு ஆள் பேரில் ஒன்பது சிம் வரை வைத்துக்கொள்ளலாம். போதாததற்கு வீட்டில் இருக்கும் எல்லோருடைய போனும் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் கையில் போனோடு வாசலுக்கு வந்து, "யாருக்கோ ஓடிபி வருதுப்பா, ஆறு நம்பர், படிக்கட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டார். மாடியிலிருந்து பேரன் தலைதெறிக்க ஓடிவந்தான். அந்த வீட்டில் பாட்டி பேரில் ஒரு டோட்டா அக்கவுன்ட் ஓடுகிறது, பாட்டிக்கே தெரியாமல். (ஓடிபியை வாசலில் நின்று படிக்காதீர்கள் என்று அப்புறம் பாட்டிக்கு விளக்கினோம். அது தனிக் கவலை.)

தென்கொரியாவில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் அக்கவுன்ட்டுக்கு உள்ளூர் அடையாளச் சரிபார்ப்பே உண்டு. அடுத்தவருக்காக ரேங்க் ஏற்றிக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தால் 2019இலிருந்து அங்கே அது சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரைக்கும் போகும். அங்கேயும் ஸ்மர்ஃப் ஒழியவில்லை. அப்படியிருக்க, விளையாட ஆதார் கொடு என்று இங்கே யாராவது ஆரம்பித்தால் நான் எதிர்ப்பேன். பதினைந்து வயதுப் பையனுடைய அடையாள எண் ஒரு கேம் கம்பெனி சர்வரில் கிடப்பது ஸ்மர்ஃபைவிடப் பெரிய தொல்லை.

ஆடும் விதத்தை வைத்துப் பிடிப்பதுதான் வழி. இம்மார்ட்டல் ஆளின் கை சில்வர் ஐடியில் போனாலும் இம்மார்ட்டல் கைதான்.

1 டிசம்பர்

பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) ஆடுபவர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், "எங்கள் பக்கம் செகண்ட் ஐடி இல்லாத ஆளே கிடையாது, நீங்கள் வேலோரன்ட்டை வைத்து எங்களையும் திட்டுகிறீர்கள்" என்று.

சரி, அங்கே நிலைமை வேறுதான். கீழ் ரேங்க் லாபிகளில் பாதிக்கு மேல் பாட் (கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கும் பொம்மை ஆட்கள்) சுற்றுவது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். புது ஐடியில் இறங்கி முப்பது கில் என்று வீடியோ போடுபவர் அதில் பெரும்பாலும் மெஷினைத்தான் சுடுகிறார். போதாததற்கு 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோரிலிருந்து காணாமல் போய் 2023 மே மாதம் திரும்பியது. இத்தனை குழப்பத்தில் பழைய ஐடி போய்ப் புது ஐடி எடுத்தவர்கள் ஏராளம். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த முப்பதில் ஐந்தாறு உண்மையான ஆட்கள் இருப்பார்கள். அப்பா போனை வாங்கி முதல் வாரம் ஆடும் குழந்தைகள். அவர்களைத் துரத்தித் துரத்தி அடித்து, "பாட் மாதிரி நிற்கிறான் பாரு" என்று சிரித்து வீடியோ போடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

3 டிசம்பர்

வீடியோ என்றதும் ஸ்பீட்ரன் பற்றிக் கேட்கிறார்கள்.

டேனியல் நரோடிட்ஸ்கி, 2025 அக்டோபரில் 29 வயதில் இறந்துபோனார். செஸ் கிராண்ட்மாஸ்டர். புது அக்கவுன்ட்டில் கீழிருந்து ஆரம்பித்து மேலே வரும் ஸ்பீட்ரன் வீடியோக்கள் அவருடையவை நிறைய இருக்கின்றன. என் எதிர்ப்பையெல்லாம் தாண்டி நான் விரும்பிப் பார்த்தவை அவை. எதிராளி ஒரு தப்பான நகர்த்தலைச் செய்தால் சிரிக்க மாட்டார்; அந்த நிலையில் அது ஏன் எல்லோருக்கும் தோன்றும் நகர்த்தல் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, பிறகு ஏன் வேலை செய்யாது என்று காட்டுவார். கிராண்ட்மாஸ்டர் நம் நிலைக்கு இறங்கி வந்து, நம் போன்றவர்கள் எங்கே தடுமாறுகிறோம் என்று அக்கறையாகப் பார்ப்பது வேறு எங்கே கிடைக்கும்?

இதற்காகவே செஸ்.காம் தளம் அனுமதி கொடுத்து, அந்த அக்கவுன்ட்டிடம் தோற்றவர்களின் புள்ளியைத் திருப்பிக் கொடுக்கிறது. தளத்துக்குத் தெரியும், தோற்றவருக்கு இழப்பு இல்லை, பார்ப்பவர்களுக்கு லாபம். இதை ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. "அயர்னில் நுழைந்து கதறவிட்டேன்" என்று தலைப்பு வைப்பவர்கள் இந்தப் பெயரைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

6 டிசம்பர்

எச்எஸ்ஆர் லேஅவுட்டிலிருந்து ஒருவர் ஷட்டில் கதை எழுதியிருக்கிறார், கேமை விட்டு விலகினாலும் விஷயம் இதுதான். ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து இன்டர்மீடியட் பிரிவில் பணம் கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் போயிருக்கிறார்கள். முதல் சுற்றிலேயே எதிரே வந்தவர் பின்கோட்டிலிருந்து எம்பி அடித்த ஸ்மாஷில் இவருடைய ராக்கெட் கையில் திரும்பிப்போனதாம். ஒன்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகு விசாரித்தால் மாநில அளவில் ஆடியவர், வேறு பெயரில் பதிவு.

எனக்கும் தெரிந்த கதைதான். பெங்களூரில் கோர்ட்டுக்குக் கோர்ட் இப்படி ஒன்று கேட்கலாம். செஸ் போட்டிகளில் "1600க்குக் கீழே" என்று தனிப் பிரிவு வைத்துப் பெரிய பரிசு வைக்கும்போதும் இதே சபலம் வரும்: நாலு சின்னப் போட்டியில் தோற்று ரேட்டிங்கை இறக்கிக்கொண்டு, பெரிய பரிசுக்குப் போவது. அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு இதற்கு ஒரு தரை வைத்திருக்கிறது: ஒருமுறை எட்டிய உச்சத்திலிருந்து 200, 300 புள்ளிக்குக் கீழே பொதுவாக ரேட்டிங் இறங்காது. கால்ஃபில் 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் (பலவீனமானவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சலுகை எண்) முறையிலும் ஒரு வருடத்துக்குள் இருந்த குறைந்த எண்ணிலிருந்து ஐந்துக்கு மேல் ஏற முடியாதபடி உச்சவரம்பு உண்டு.

கம்ப்யூட்டர் கேமிலும் இந்தத் தரையை வைக்கலாம். இம்மார்ட்டல் தொட்டவரின் ரேங்க் எவ்வளவு தோற்றாலும் டயமண்டுக்குக் கீழே போகாது என்றால், வேண்டுமென்றே தோற்பதில் லாபமே இல்லை. வயதாகி, ஆட்டம் விட்டுப்போய்த் திரும்பி வருபவருக்குக் கஷ்டம்தான். அவர்கள் கேட்டால் தளர்த்திக்கொடுக்க ஒரு வழி வைக்க வேண்டும்.

9 டிசம்பர்

ரம்மி, போக்கர் பற்றியும் பேசச் சொல்கிறார்கள். சுருக்கமாக முடிக்கிறேன். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. இ-ஸ்போர்ட்ஸைத் (போட்டியாக ஆடும் கம்ப்யூட்டர் கேம்களை) தனியாக அங்கீகரித்தது. அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்த பலருக்கு இங்கே பெங்களூரில் வேலை போனது, அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சின்ன டேபிளில் கைதேர்ந்தவர் புதுமுகமாக உட்கார்ந்து சம்பளப் பணத்தை உருவியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் மகள் ஸ்கூல் ஃபீஸை அப்படி இழந்தார். வேலோரன்ட்டில் போவது பையனின் நம்பிக்கை, அங்கே போனது ஃபீஸ். மறைத்த விஷயம் இரண்டிலும் ஒன்றே.

13 டிசம்பர்

ஈஜிபுரா கஃபே ஓனர் இந்தப் பேச்சைப் படித்துவிட்டு, கிறிஸ்துமஸ் லீவில் ஒரு சின்ன வேலோரன்ட் போட்டி வைக்கலாமா, ஸ்மர்ஃப் வராமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ஐடியைப் பார்த்து டீம் பிரிக்காதீர்கள். போட்டிக்கு முந்தின நாள் எல்லோரையும் வரச் சொல்லி, கஸ்டம் கேமில் கலந்து கலந்து ஆட விடுங்கள். கஃபேயில் பத்து வருடம் உட்கார்ந்தவருக்கு ஒருவர் கையைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் பலமானவர் ஒவ்வொரு டீமிலும் ஒருவர் வருகிற மாதிரி நீங்களே பிரியுங்கள். அக்கவுன்ட் லெவல் குறைவாக இருந்து ஆட்டம் மட்டும் மேலே இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, "மெயின் எது தம்பி?" என்று கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். சொன்னால் ஆட விடுங்கள், அதற்கேற்ற டீமில் போடுங்கள். சொல்லாவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் பரிசைச் சின்னதாக வையுங்கள், மீதிப் பணத்தில் எல்லோருக்கும் பிரியாணி போடுங்கள். பரிசு பெரிதானால் தேடி வருபவர்களும் பெரிய ஆட்களாக இருப்பார்கள்.

கோரமங்கலாக்காரரே, உங்களுக்கும் அழைப்பு உண்டு. மெயின் ஐடியில் வாருங்கள். ஓனர் உங்களை ஆடவைப்பதைவிட அயர்ன், பிரான்ஸ் பசங்களுக்கு ஒரு டீம் கோச்சாகப் போட ஆசைப்படுகிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கஃபேயில் ஓனரே இருப்பார், நேரில் பேசிக்கொள்ளுங்கள்.